பிரிட்டனில் முட்டையும் இறைச்சியும் வாங்கும்போது விலங்கு நலம் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வசதியில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

முட்டையிலிருந்து தொடங்குங்கள். அதன்பின் கோழியிறைச்சி, அதற்கடுத்துப் பன்றியிறைச்சி. மிக மோசமான வளர்ப்பு முறைக்கும் மிக நல்ல வளர்ப்பு முறைக்கும் இடையிலான தூரம் இந்த மூன்றில்தான் மிக அதிகம். செம்மறியாட்டிறைச்சியில் அந்தத் தூரம் குறைவு, ஏனெனில் பிரிட்டனில் பெரும்பாலான செம்மறிகள் இன்றும் புல்வெளியில்தான் வளர்கின்றன. ஆகவே கையில் மீதமிருக்கும் சில பவுண்டுகளை விலை உயர்ந்த ஆட்டுக்கறியில் செலவிடுவதைவிட, வாரந்தோறும் வாங்கும் கோழியின் தரத்தை ஒரு படி உயர்த்துவதில் செலவிட்டால் விலங்குகளுக்கு அதிகப் பயன் கிடைக்கும். எண்ணிக்கையையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு மாடு ஒரு குடும்பத்துக்குப் பல மாதங்களுக்கு இறைச்சி தரும், ஒரு கோழியோ ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் போதும். இந்நாட்டில் ஆண்டுதோறும் இறைச்சிக்காக வளர்க்கப்படும் கோழிகள் சுமார் 100 கோடி.

பொட்டலத்தில் ‘பிரிட்டிஷ்’ என்றும் கொடிப் படமும் இருந்தால் அது போதாதா?

அது ஒரு தொடக்கம்தான். பிரிட்டன் சில கொடிய முறைகளை அண்டை நாடுகளுக்கு முன்பே கைவிட்டது உண்மை. கன்றுகளைத் தனித்தனி மரப்பெட்டிகளில் அடைத்து வளர்ப்பது 1990-இல் தடை செய்யப்பட்டது. சினைப் பன்றியைத் திரும்ப முடியாத இரும்புச் சட்டத்துக்குள் மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பது 1999-இல் தடைக்கு உள்ளானது. ஐரோப்பிய ஒன்றியம் அதே தடையை 2013-இல், அதுவும் சினையின் முதல் நான்கு வாரங்களுக்கு விலக்களித்துத்தான், கொண்டுவந்தது. ஆண் பன்றிக்குட்டிகளுக்கு விதை நீக்குவது ஐரோப்பாவின் பல நாடுகளில் வழக்கமாக இருக்க, இங்கே அது அரிது. கொழுக்க வைப்பதற்காகவோ வெட்டுவதற்காகவோ கால்நடைகளைக் கிரேட் பிரிட்டனிலிருந்து உயிருடன் ஏற்றுமதி செய்வது 2024-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நின்றது.

இருந்தும் அந்தக் கொடிப் படத்தால் சொல்ல முடியாதவை நிறைய உள்ளன. 1965-இல் பிரம்பெல் குழு அரசுக்கு அளித்த அறிக்கை, பண்ணை விலங்கு ஒவ்வொன்றுக்கும் எழுந்து நிற்கவும், படுக்கவும், திரும்பவும், தன் உடலைத் தானே கோதிக்கொள்ளவும், கைகால்களை நீட்டவும் இடம் வேண்டும் என்று கேட்டது. அறுபது ஆண்டுகள் கழிந்த பின்பும், குட்டி ஈனும் பிரிட்டிஷ் பன்றிகளில் பெரும்பகுதிக்குத் திரும்பும் உரிமை கிடைக்கவில்லை. எனவே எந்த நாடு என்பதோடு எந்த முறை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை எப்படி வாசிப்பது?

கடைப் பொருள்களில் இவ்வளவு நேர்மையான அடையாளம் வேறெதற்கும் இல்லை என்றே சொல்லலாம். ஓட்டின் மேலுள்ள வரியில் முதல் எண்தான் வளர்ப்பு முறை. 0 என்றால் ஆர்கானிக், 1 என்றால் ஃப்ரீ ரேஞ்ச், அதாவது வெளியே மேயவிடப்பட்ட கோழி, 2 என்றால் கூண்டில்லாமல் கொட்டகைக்குள் வளர்ந்த கோழி, 3 என்றால் கூண்டுக்கோழி. அடுத்து வருவது நாட்டின் குறியீடு. பிரிட்டிஷ் முட்டையில் அது யூகே என்று இருக்கும். அதன்பின் வருவது பண்ணையின் எண்.

3 என்ற எண்ணின் பொருளைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பழைய வெறுங்கம்பிக் கூண்டுகள் 2012 ஜனவரி 1 முதல் சட்டவிரோதமாயின. அவற்றின் இடத்தில் வந்தவை பெரிய குழுக்கூண்டுகள். அவற்றில் அடையக் கம்பு, முட்டையிட மறைப்பு, கொஞ்சம் கிளறும் இடம் ஆகியவை உண்டு. ஆனால் ஒரு கோழிக்குக் கிடைக்கும் மொத்த இடம் 750 சதுர சென்டிமீட்டர், ஏ4 தாள் ஒன்றைவிடச் சற்றே அதிகம். கோழி தன் சிறகை முழுதாக விரித்து அடித்துக்கொள்ள அது போதாது. மண்ணில் புரண்டு குளிப்பது, உயரமான இடத்தில் ஏறி அடைவது, குப்பையைக் கிளறிக் கிளறி இரை தேடுவது ஆகியவை கோழியின் இயல்பு என்பதை, முற்றத்தில் கோழி வளர்த்த எந்த வீட்டாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

2 என்ற எண்ணுக்குரிய கொட்டகையில் ஒரு சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 9 கோழிகள். அவை நடக்கலாம், மண் குளிக்கலாம், ஆனால் வெயிலைப் பார்ப்பதில்லை. 1 என்ற எண்ணில் கொட்டகை அடர்த்தி அதேதான், கூடவே பகலில் வெளியே செல்ல வழியும், கோழி ஒன்றுக்கு 4 சதுர மீட்டர் வெளியிடமும் உண்டு. 0 என்ற எண்ணில் உள்ளே சதுர மீட்டருக்கு 6 கோழிகள்தான், மந்தையும் சிறியது, தீவனமும் ஆர்கானிக் முறையில் விளைந்தது. ஆர்கானிக் சான்றளிக்கும் அமைப்பான சாயில் அசோசியேஷன் தரும் முத்திரையும் சேர்ந்திருந்தால் விதிகள் இன்னும் கடுமையாகும். கோழிகள் ஒன்றையொன்று கொத்தாமலிருக்க அலகின் நுனியை வெட்டும் வழக்கத்தை அந்த அமைப்பு அனுமதிப்பதில்லை. கொத்தும் பழக்கம் நெருக்கடியிலும் சலிப்பிலும் பெருகுவது என்பதால், அலகை வெட்டுவதற்குப் பதில் நெருக்கடியைக் குறைப்பதே சரியான மருந்து.

பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கூண்டு முட்டைப் பெட்டியில் கூண்டின் படம் இருப்பதில்லை. ஆனால் ‘கூண்டுக்கோழிகளின் முட்டை’ என்ற சொற்களை எங்காவது அச்சிட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். சிறிய எழுத்தில் இருந்தாலும் தேடினால் கிடைக்கும்.

சிவப்புச் சிங்க முத்திரை கோழியின் நலத்தைக் காட்டுகிறதா?

இல்லை. அது உண்பவரின் பாதுகாப்புக்கானது. 1988-இல் முட்டைகளில் சால்மோனெல்லா கிருமி பற்றிய பெரும் பீதி எழுந்தபின், 1998-இல் புதுப்பிக்கப்பட்டு வந்த இந்த முத்திரை, கோழிக்குச் சால்மோனெல்லாத் தடுப்பூசி போடப்பட்டதையும் முட்டை பிரிட்டனில் இடப்பட்டதையும் உறுதி செய்கிறது. 2017 முதல், இம்முத்திரையுள்ள முட்டைகளை முழுதாக வேகாத நிலையிலும் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியோரும் உண்ணலாம் என்று உணவுத் தர முகமை அறிவித்தது. நல்ல முத்திரைதான், ஆனால் அது கூண்டு முட்டையிலும் இருக்கக்கூடும்.

ஃப்ரீ ரேஞ்ச் என்று எழுதியிருந்தால் கோழி உண்மையாகவே வெளியே போகிறதா?

போக வழி இருக்கிறது என்பதே சட்டத்தின் உறுதி. எத்தனை கோழிகள் எத்தனை நேரம் போகின்றன என்பது பண்ணையைப் பொறுத்தது. ஃப்ரீ ரேஞ்ச் மந்தைகள் பல ஆயிரக்கணக்கில் இருக்கும். கொட்டகையின் பக்கச் சுவரில் சிறு வாசல்கள் திறந்திருந்தாலும், உள்ளே நடுவில் இருக்கும் கோழி பல தோழிகளைத் தாண்டித்தான் வாசலை அடைய முடியும். வெளியே வெறும் புல்வெளியாக இருந்தால் அது வாசலருகிலேயே நின்றுவிடும். கோழியின் மூதாதை காட்டுக்கோழி. மரநிழலிலும் புதரடியிலும் வாழ்ந்த அந்த இனத்துக்குத் திறந்த வானம் என்றால் பருந்து பற்றிய அச்சம். மரங்களை நட்ட பண்ணைகளில் கோழிகள் வெகுதூரம் சென்று மேய்வது இதனால்தான். ‘வுட்லண்ட்’ என்ற பெயரில் விற்கப்படும் முட்டைகள் இந்த எண்ணத்தில் பிறந்தவை. வெறும் விளம்பரச் சொல் என்று அதை நான் ஒதுக்குவதில்லை. விலை வேறுபாடு சிறியதாக இருந்தால் அதையே எடுங்கள் என்பேன்.

பறவைக் காய்ச்சல் காலத்தில் அந்தக் கோழிகள் உள்ளே அடைபடுகின்றனவே, அப்போது நாம் ஏமாற்றப்படுகிறோமா?

நோய் பரவும்போது அரசு எல்லாப் பறவைகளையும் உள்ளே வைக்க ஆணையிடும். முன்பு 16 வாரங்கள் கடந்தபின் அந்த முட்டைகளைக் கொட்டகை முட்டை என்று பெயர் மாற்றி விற்க வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்தில் 2024 இறுதியிலும் இங்கிலாந்தில் 2025 தொடக்கத்திலும் சட்டம் திருத்தப்பட்டு, ஆணை நீடிக்கும் காலம் முழுவதும் ஃப்ரீ ரேஞ்ச் என்றே விற்க அனுமதி வந்தது. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். வெளியிடத்துக்காக நிலமும் வேலியும் பராமரித்து வரும் விவசாயி, தன் தவறில்லாத ஒரு நோயால் வருமானம் இழக்கக் கூடாது. ஆணை நீங்கியதும் அக்கோழிகள் மீண்டும் வெளியே வரும், கூண்டுக்கோழிக்கு அந்த நாள் வருவதே இல்லை.

மிகச் சிறந்த முட்டையிலும் மாறாத குறை எதுவும் உண்டா?

உண்டு, அதை மறைப்பது சரியாகாது. முட்டைக்கோழி இனத்தில் பிறக்கும் சேவற்குஞ்சு முட்டையும் இடாது, இறைச்சிக்கும் வேகமாக வளராது. எனவே பொரித்த முதல் நாளிலேயே வாயு செலுத்திக் கொல்லப்படுகிறது. ஆர்கானிக் முட்டைக்குப் பின்னாலும் பெரும்பாலும் இதே கதைதான். ஜெர்மனி 2022 ஜனவரியிலிருந்து இதைத் தடை செய்து, முட்டைக்குள்ளேயே பாலினம் கண்டறியும் முறைக்கு மாறிவருகிறது. பிரிட்டனில் அப்படியொரு சட்டம் இன்னும் வரவில்லை.

கறிக்கோழி வாங்கும்போது எந்தச் சொற்களைத் தேட வேண்டும்?

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். கறிக்கோழி கூண்டில் வளர்வதில்லை. ஆகவே கோழியிறைச்சியின் மேல் ‘கூண்டில்லாமல் வளர்ந்தது’ என்று எழுதினால் அதனால் எந்தப் பயனும் இல்லை. கறிக்கோழியின் துன்பம் வேறு வகையானது. இனத்தேர்வின் மூலம் அதன் உடல் மிக வேகமாகப் பருக்கும்படி ஆக்கப்பட்டிருக்கிறது. வழக்கமான பிராய்லர் குஞ்சு ஏறத்தாழ 35 நாள்களில் 2.2 கிலோ எடையை எட்டிவிடுகிறது. எலும்பும் இதயமும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், கடைசி நாள்களில் பல பறவைகள் நடப்பதைவிட உட்கார்ந்திருப்பதே அதிகம். சட்டம் அனுமதிக்கும் உச்ச அடர்த்தி சதுர மீட்டருக்கு 39 கிலோ, அதாவது இந்த எடையில் சுமார் 17 பறவைகள்.

எனவே இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். எவ்வளவு இடம்? எந்த இனம்? அண்மை ஆண்டுகளில் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் பல, தங்கள் கோழிகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் இடம் தருவதாக அறிவித்து, அடர்த்தியைச் சதுர மீட்டருக்கு 30 கிலோவாகக் குறைத்துள்ளன. இது வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் இனம் மாறவில்லை என்றால், அகலமான அறையில் அதே நோவுற்ற உடல்தான் இருக்கிறது. ‘பெட்டர் சிக்கன் கமிட்மென்ட்’ என்ற உறுதிமொழி இடத்தோடு மெதுவாக வளரும் இனத்தையும் சேர்த்துக் கேட்கிறது. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2022-இல் தன் புதிய கோழியிறைச்சி முழுவதையும் அத்தகைய இனத்துக்கு மாற்றியது, வெயிட்ரோஸும் அந்த உறுதிமொழியில் கையெழுத்திட்டுள்ளது. விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான ஆர்.எஸ்.பி.சி.ஏ-வின் ‘ஆர்.எஸ்.பி.சி.ஏ அஷ்யூர்டு’ முத்திரையுள்ள கோழியும் மெதுவாக வளரும் இனமே. கொட்டகைக்குள் வளர்ந்தாலும் அதற்கு இயற்கை ஒளியும் ஏறி அமரக் கம்புகளும் கொத்திக் கிளறப் பொருள்களும் உண்டு.

அடுத்த படி ஃப்ரீ ரேஞ்ச். கறிக்கோழியில் இச்சொல்லுக்குச் சட்ட வரையறை இருக்கிறது. குறைந்தது 56 நாள் வயது, வாழ்நாளில் பாதியாவது பகலில் வெளியே செல்லும் வாய்ப்பு, பறவை ஒன்றுக்கு 1 சதுர மீட்டர் வெளியிடம், உள்ளே சதுர மீட்டருக்கு 27.5 கிலோவுக்கு மிகாத அடர்த்தி. ‘டிரடிஷனல் ஃப்ரீ ரேஞ்ச்’ என்றால் வயது 81 நாள், வெளியிடம் 2 சதுர மீட்டர். இத்தனை நாள் வாழ்ந்த கோழியின் கறிக்குக் கடிபடும் தன்மையும் வாசனையும் இருக்கும். குழம்புக்கு அது பிராய்லரைவிட எவ்வளவோ மேல், கொஞ்சம் கூடுதல் நேரம் மட்டும் வேகவிட வேண்டும்.

முழுக்கோழி வாங்குவோர் காலின் மூட்டைப் பாருங்கள். மஞ்சளாகவோ வெளுப்பாகவோ இருக்க வேண்டிய தோலில் பழுப்புநிறத் தீக்காயம் போன்ற தழும்பு இருந்தால், எச்சத்தில் ஊறிய ஈரத்தரையில் நெடுநேரம் அது உட்கார்ந்திருந்தது என்று பொருள். அம்மோனியா அரித்த புண் அது. முத்திரை எதுவும் இல்லாத கடையில்கூட இந்தச் சான்றைக் கண்ணால் காணலாம். மார்புத் துண்டை மட்டும் வாங்கினால் அந்த வாய்ப்பு இல்லாமல் போகும்.

‘கார்ன் ஃபெட்’, ‘ஃபார்ம் ஃப்ரெஷ்’, ‘ஃபார்ம் அஷ்யூர்டு’ போன்ற சொற்களுக்கு மதிப்புண்டா?

‘கார்ன் ஃபெட்’ என்பது தீவனத்தைப் பற்றியது. கொழுக்க வைக்கும் காலத்தின் பெரும்பகுதியில் தீவனத்தில் பாதியாவது மக்காச்சோளம் இருந்தது என்று பொருள். அதனால் தோல் மஞ்சளாகும், இடவசதி மாறாது. ‘ஃபார்ம் ஃப்ரெஷ்’ என்பதற்கு விலங்கு நலத்தைப் பொறுத்தவரை எந்தப் பொருளும் இல்லை. ஏதோவொரு பண்ணையின் பெயரைப்போல ஒலிக்கும் வணிகப் பெயர்களையும் நம்பி ஏமாற வேண்டாம், அப்பெயரில் பண்ணையே இல்லாத பொட்டலங்கள் பல இந்நாட்டுக் கடைகளில் விற்றிருக்கின்றன. ‘ஃபார்ம் அஷ்யூர்டு’ என்றால் ஏதோவொரு திட்டத்தின்கீழ் பரிசோதிக்கப்பட்டது என்று மட்டும் கொள்ளலாம். எந்தத் திட்டம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முத்திரைகளை எந்த வரிசையில் நம்பலாம்?

ரெட் டிராக்டர் அடித்தளம். 2000-இல் தொடங்கப்பட்ட இத்திட்டம் உணவுப் பாதுகாப்பையும், உணவு எங்கிருந்து வந்தது என்பதையும் உறுதி செய்கிறது. விலங்கு நலத்தில் பெரும்பாலும் சட்டத்தை ஒட்டியே நிற்கிறது. கறிக்கோழிக்கு அது அனுமதிக்கும் அடர்த்தி 38 கிலோ, சட்ட உச்சத்தைவிட ஒரே ஒரு கிலோ குறைவு. ஈனும் பன்றியை அடைக்கும் கூண்டையும் அது தடுப்பதில்லை. ஆனால் இதே அடையாளத்தோடு வெளியில் வளர்க்கப்பட்டதற்கான தனிச் சான்றும் சில பொட்டலங்களில் இருக்கும் என்பதால், படத்தோடு நிறுத்தாமல் அருகிலுள்ள சொற்களையும் வாசியுங்கள்.

ஆர்.எஸ்.பி.சி.ஏ அஷ்யூர்டு, 1994-இல் ‘ஃப்ரீடம் ஃபுட்’ என்ற பெயரில் பிறந்து 2015-இல் பெயர் மாறியது. விலங்கு நலம் ஒன்றையே நோக்கமாகக் கொண்ட திட்டம் இது. கூண்டு முட்டை, ஈற்றுக்கூண்டு இரண்டும் இதில் இல்லை. வெளியே மேய்ந்ததற்கான உறுதி மட்டும் இதில் கிடையாது, கொட்டகை வளர்ப்பும் அனுமதிக்கப்படுகிறது. 2024-இல் விலங்குரிமைச் செயற்பாட்டாளர்கள் இத்திட்டத்தின் சில பண்ணைகளில் எடுத்த படங்கள் வெளியாகிப் பெரும் விவாதம் எழுந்தது. அதன் தொடர்ச்சியாக ஆர்.எஸ்.பி.சி.ஏ-வின் தலைவராக இருந்த கிரிஸ் பேக்கம் பதவி விலகினார். எழுதிய விதிக்கும் பண்ணையில் நடப்பதற்கும் இடைவெளி இருக்கக்கூடும் என்பதை அது காட்டியது. அப்படியிருந்தும், எந்த விதியும் இல்லாத பொட்டலத்தைவிட, நல்ல விதி எழுதப்பட்டு அது மீறப்பட்டால் கேள்வி கேட்க முடிகிற பொட்டலமே மேல் என்று நான் நம்புகிறேன்.

ஆர்கானிக், அதிலும் 1946-இல் நிறுவப்பட்ட சாயில் அசோசியேஷனின் முத்திரை, பரவலாகக் கிடைப்பவற்றில் மிக உயர்ந்த நிலை. மாடு, ஆடு இரண்டுக்கும் ‘பாஸ்ச்சர் ஃபார் லைஃப்’ என்ற முத்திரையும் உண்டு. தானியமே தராமல் வாழ்நாள் முழுவதும் புல்லும் பிற பசுந்தீவனமும் தந்து வளர்த்ததற்கான சான்று அது. இம்முத்திரை இல்லாமல் வெறுமே ‘புல் தின்றது’ என்றிருந்தால், வாழ்நாளில் எவ்வளவு காலம் என்று கேட்டறிய வேண்டும்.

பன்றியிறைச்சியின் மேலுள்ள ‘அவுட்டோர் பிரெட்’, ‘அவுட்டோர் ரியர்ட்’ இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. ஓரிரு எழுத்துகளின் வேறுபாட்டில் ஒரு விலங்கின் பாதி வாழ்க்கை இருக்கிறது. இவை முட்டையைப்போல் சட்டம் வரையறுத்த சொற்களல்ல, தொழில்துறை ஏற்றுக்கொண்ட நடைமுறை விதியிலிருந்து வந்தவை. ‘அவுட்டோர் பிரெட்’ என்றால் தாய்ப்பன்றி வெளியே வாழ்கிறது, குட்டிகள் வெளியே பிறக்கின்றன. பால் மறந்ததும், ஏறத்தாழ நான்கு வாரத்தில், குட்டிகள் கொட்டகைக்குள் போய்விடும். ‘அவுட்டோர் ரியர்ட்’ என்றால் வாழ்நாளில் ஏறத்தாழ பாதியை வெளியே கழித்திருக்கும். ‘ஃப்ரீ ரேஞ்ச்’ என்றால் பிறந்ததுமுதல் இறுதிவரை வெளியேதான். நார்ஃபோக், சஃபோக் பகுதிகளின் மணற்பாங்கான வயல்களில், கவிழ்த்து வைத்த அரைவட்டத் தகரக் குடில்களும் அவற்றைச் சுற்றி மண்ணைக் கிளறும் பன்றிகளும் சாலையிலிருந்தே தெரியும்.

இச்சொற்கள் எதுவும் இல்லாத பிரிட்டிஷ் பன்றியிறைச்சி பெரும்பாலும் ஈற்றுக்கூண்டிலிருந்து வந்தது. இந்நாட்டுத் தாய்ப்பன்றிகளில் சுமார் 40 விழுக்காடு வெளியே குட்டி ஈனுகின்றன. மற்றவற்றில் பெரும்பாலானவை, ஈனுவதற்குச் சில நாள் முன்பிருந்து குட்டிகள் பால் மறக்கும்வரை, திரும்பக்கூட முடியாத இரும்புச் சட்டத்துக்குள் அடைபடுகின்றன. பருத்த உடல் சாயும்போது குட்டிகள் நசுங்காமல் காப்பதே அதன் நோக்கம் என்று பண்ணையாளர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் ஈனும் முன் வைக்கோலைச் சேர்த்துக் கூடு கட்டத் துடிப்பது பன்றியின் இயல்பு, வெறுந்தரையில் கம்பியைக் கடித்துக்கொண்டு நிற்கும் விலங்கிடம் அந்தத் துடிப்பு அடங்குவதில்லை. இடமும் வைக்கோலும் தந்து, குட்டிகளுக்குத் தனி ஒதுக்கிடம் அமைத்த கூண்டற்ற முறைகள் நடைமுறையில் இருக்கின்றன. இங்கிலாந்தின் 2025 டிசம்பர் விலங்கு நல வியூகம், முட்டைக்கோழிக் கூண்டு, ஈற்றுக்கூண்டு ஆகிய இரண்டிலிருந்தும் விலகுவதைத் தன் நோக்கமாக அறிவித்துள்ளது. அது நிறைவேறும்வரை வாங்குவோரின் தேர்வுக்கே வலிமை.

வாலை நறுக்குவதும் இத்துடன் சேர்ந்த செய்தி. வழக்கமாக நறுக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆயினும் கொட்டகைப் பன்றிகளில் பெரும்பான்மைக்கு வால் நறுக்கப்படுகிறது, சலிப்பில் ஒன்றின் வாலை ஒன்று கடிக்கும் என்பதற்காக. வைக்கோலும் வெளியிடமும் பெற்ற பன்றி முழு வாலோடு வாழ முடியும்.

வெட்டும் முறையையும் தேர்ந்தெடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. வெட்டிய முறையைப் பொட்டலத்தில் குறிப்பிட வேண்டும் என்ற சட்டம் பிரிட்டனில் இல்லை. பன்றிகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது அடர்ந்த கரியமில வாயுவால் மயக்கப்படுகின்றன. மயக்கம் வருமுன் அவை மூச்சுத் திணறித் தவிக்கின்றன என்பது நெடுநாளாக அறிந்ததே. அரசின் ஆலோசனைக் குழுவே 2003-இல் இம்முறையை ஐந்து ஆண்டுகளில் கைவிடப் பரிந்துரைத்தது. வெளியில் வளர்ந்த பன்றிக்கும் முடிவு இப்படித்தான் அமையக்கூடும், மேலே சொன்ன முத்திரைகளும் இதைத் தடுப்பதில்லை.

ஹலால் இறைச்சியைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். பிரிட்டனில் ஹலால் முறையில் அறுக்கப்படும் விலங்குகளில் பெரும்பகுதி முன்பே மயக்கப்பட்டவை. முன்மயக்கம் கூடாது என்று கொள்ளும் சான்றளிப்பு அமைப்புகளும் உண்டு, அனுமதிக்கும் அமைப்புகளும் உண்டு. கடையில் தொங்கும் சான்றிதழில் எந்த அமைப்பின் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். வளர்ப்பு முறையைப் பற்றி ஹலால் என்ற சொல் தனியாக எதுவும் சொல்வதில்லை. ஹலாலாகவும் ஃப்ரீ ரேஞ்சாகவும் உள்ள கோழியை விற்போரும் இருக்கிறார்கள்.

நம் தமிழ்க் கடைகளில் விற்கும் ‘ஊர்க்கோழி’ உண்மையில் எது?

லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ டூட்டிங்கிலோ இறைச்சி வாங்குவோர் இதைக் கேட்டாக வேண்டும். ஊர்க்கோழி, நாட்டுக்கோழி என்ற சொற்களுக்கு இங்கே சட்ட வரையறை கிடையாது. கறி கெட்டியாக இருக்கிறது என்பதால் அது முற்றத்தில் மேய்ந்தது என்று ஆகிவிடாது. முட்டையிட்டு ஓய்ந்த பின் கழிக்கப்பட்ட, ஏறத்தாழ ஒன்றரை வயதுக் கோழியும் அப்படித்தான் கெட்டியாக இருக்கும். அந்தக் கோழியை உண்பதில் தவறில்லை, வீணாகாமல் உணவாவது நல்லதுதான். ஆனால் அது கூண்டுக்கோழியா, வெளியே மேய்ந்ததா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில்லறையாக விற்கும் முட்டைகளிலும் ஓட்டு முத்திரையைத் தேடுங்கள். கடையில் விற்கும் முட்டைக்கு அது கட்டாயம். 50 கோழிகளுக்குக் குறைவாக வைத்திருக்கும் சிறு விவசாயி தன் ஊர்ச் சந்தையில் தானே விற்கும்போது விலக்கு உண்டு.

ஆட்டுக்கறியில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. பிரிட்டனின் பாலாட்டுப் பண்ணைகளில் பிறக்கும் கிடாய்க்குட்டிகள் பால் தராதவை என்பதால் பல இடங்களில் பிறந்தவுடன் கொல்லப்பட்டு வந்தன. இப்போது சில பண்ணைகள் அவற்றை இறைச்சிக்காக வளர்க்கின்றன. வெள்ளாட்டுக்கறியை விரும்பி உண்ணும் நம் வீடுகள் அதைக் கேட்டு வாங்கினால் அக்குட்டிகளுக்கு ஒரு வாழ்நாள் கிடைக்கும். செம்மறியில், ஆங்கிலேயர் ‘மட்டன்’ என்பது இரண்டு வயதைத் தாண்டிய ஆட்டை மட்டுமே. புல்வெளியில் நீண்டநாள் வாழ்ந்த அதன் கறியை இந்நாட்டவர் ஏறக்குறைய மறந்துவிட்டதால், 2004-இல் அப்போதைய இளவரசர் சார்லஸ் அதை மீட்க ஓர் இயக்கமே தொடங்கினார். மெதுவாக வேகவைத்து மசாலாவில் சுண்டவிடும் நம் சமையலுக்கு அது மிகப் பொருத்தம்.

மாட்டிறைச்சி?

பிரிட்டிஷ் மாடுகள் பெரும்பாலும் கோடையில் மேய்ந்து குளிர்காலத்தில் கொட்டகையில் அடைபவை. ஆர்கானிக் அல்லது ‘பாஸ்ச்சர் ஃபார் லைஃப்’ கிடைத்தால் நல்லது. இல்லையேல் பிரிட்டிஷ் என்பதே ஓரளவு போதுமானது.

கேக், மயோனீஸ், சாண்ட்விச், உணவகச் சாப்பாடு ஆகியவற்றில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரிய ஓட்டை இங்கேதான். ஓட்டோடு விற்கும் முட்டைக்குள்ள கட்டாயம், உணவுக்குள் கலந்த முட்டைக்கு இல்லை. ‘முட்டை’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது கூண்டு முட்டை, ஒருவேளை இறக்குமதியானது என்றே கொள்ளுங்கள். நல்ல முட்டையைப் போட்ட நிறுவனம் அதைச் சொல்லாமல் விடாது. பேக்கனிலும் ஹாமிலும் ‘பிரிட்டனில் பதப்படுத்தியது’ என்றால் பன்றி இங்கே வளர்ந்தது என்று பொருளில்லை. வெட்டிய புதிய இறைச்சிக்கு எங்கே வளர்ந்தது, எங்கே வெட்டப்பட்டது என்பதை 2015 முதல் எழுத வேண்டும். பதப்படுத்திய பண்டத்தில் அந்த அளவு தெளிவு கிடைப்பதில்லை. உணவகங்களில் கேளுங்கள். மலிவான உணவகத்தால் முடியாது என்பதும் உண்மையல்ல. பிரிட்டன் மெக்டொனால்ட்ஸ் தன் காலை உணவில் ஃப்ரீ ரேஞ்ச் முட்டையைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறது, 2013 முதல் அதன் பன்றியிறைச்சி ஆர்.எஸ்.பி.சி.ஏ திட்டத்தின்கீழ் வருகிறது.

இதற்கெல்லாம் ஆகும் கூடுதல் செலவை ஒரு சாதாரணக் குடும்பம் எப்படித் தாங்கும்?

முட்டையில் கூண்டிலிருந்து ஃப்ரீ ரேஞ்சுக்கு மாற ஒரு முட்டைக்குச் சில பென்ஸ்தான் கூடும். கோழியில் வேறுபாடு பெரிது, ஆர்கானிக் கோழி வழக்கமானதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு விலையாகும். வாரம் மூன்று நாள் சமைத்த கோழியை ஒரு நாளாக்கி அந்த ஒரு நாளுக்கு நல்லதை வாங்கினால் செலவு ஏறத்தாழச் சமனாகிவிடும். மற்ற நாள்களுக்குப் பருப்பும் கத்தரிக்காயும் கொண்டைக்கடலையும் நமக்குப் புதியவை அல்ல. மார்புத் துண்டுகளை வாங்குவதைவிட முழுக்கோழியை வாங்கித் துண்டாக்கிக் குழம்பு வைத்து, எலும்பை மிளகு ரசத்துக்கோ சூப்புக்கோ வைத்துக்கொள்வது சிக்கனம். நல்ல முறையில் வளர்ந்த விலங்கிலும் தொடைத்துண்டு, பன்றித் தோள்பகுதி, ஆட்டுக் கழுத்து, ஈரல் ஆகியவை மலிவு. சூப்பர்மார்க்கெட்டில் மாலை நேரத்தில் விலை குறைத்து மஞ்சள் ஒட்டு ஒட்டிய ஃப்ரீ ரேஞ்ச் பொட்டலங்களை எடுத்து உறைபெட்டியில் வைப்பதும் பலர் செய்வதுதான்.

முத்திரையே இல்லாத கசாப்புக் கடையில் என்ன கேட்பது?

முத்திரைக்கான கட்டணம் கட்டாத நல்ல சிறு பண்ணைகள் இருக்கின்றன. ஆகவே முத்திரை இல்லாததையே குற்றமாகக் கருத வேண்டாம். ‘இது நல்ல கறியா?’ என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று கேளுங்கள். கோழியானால் எத்தனை நாள் வளர்ந்தது, வெளியே சென்றதா என்று கேளுங்கள். பன்றியானால் எங்கே ஈன்றது, வைக்கோல் உண்டா, வால் முழுதாக இருந்ததா என்று கேளுங்கள். தன் பண்ணையாளரை அறிந்த கடைக்காரர் இக்கேள்விகளைக் கேட்டு மகிழ்வார், பண்ணையின் பெயரையும் ஊரையும் தயங்காமல் சொல்வார். அடுத்த வாரமும் போய் அதே கேள்வியைக் கேளுங்கள். முதல் முறை விடை தெரியாமலிருந்தவர், மொத்த வணிகரிடம் விசாரித்து வைத்திருப்பார்.